நீ ஊதாத நூற்றி எண்பது நாட்கள்

கோமு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் இப்போது என்னிடம் மேலே நிற்பது கோபம். அதை மறைத்துக்கொண்டு நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு வராது. போனில் பேசலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அந்தச் "சரி"யைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. முப்பது வருஷம் ஆபீசில் மற்றவர்கள் சொன்னதையே டைப் அடித்த கை இது. இன்றைக்குத் தன் பேச்சைத் தானே எழுதுகிறது. முழுசாகப் படி. பெங்களூர் டிராபிக்கில் பாதி படித்துவிட்டு, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று பையில் போடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா நம் வீட்டுக்கு வந்தார்கள். கரிவலம்வந்தநல்லூரில் ஏதோ விசேஷமாம், அதை முடித்துக்கொண்டு மகனோடு காரில் வந்தார்கள். பூ மார்க்கெட் இருக்கிற ஊருக்கே பூ வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்றால் அவர்கள் எவ்வளவு முறை தெரிந்தவர்கள் என்று பார்த்துக்கொள். நல்ல மனுஷிதான், குறை சொல்லவில்லை. உன்னோடு பேச வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அப்பா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் என்னையும் பார்த்து, போனையும் பார்த்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்: "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன் மைனி, தப்பா எடுத்துக்கிடாதிய. கல்யாணம் ஆயி ஒரு ரெண்டு வருசத்துக்கு அந்தச் சாக்ஸபோன் குழலை மட்டும் ஊத வேண்டாம். அடிவயித்துல இருந்து மூச்சை இழுத்துல்லா ஊதுதா. நாளைக்குப் புள்ள குட்டின்னு வரும்போது வயித்துக்கு ஆவாது பாத்துக்கிடுங்க. பாடட்டும், நல்லா பாடட்டும். பாட்டை யாரு வேண்டாங்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனில் உன் குரல் வந்தது. "சரி அத்தை. பாடுதேன்லா, அது போதும்." ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. கடையில் பச்சை ரவிக்கை இல்லை என்றால் நீலத்தைக் கொடுங்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாய். அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. நீ பேசிப் பழகி, பிடித்திருக்கிறது என்று சொன்ன அந்தப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. அவர்கள் போன பிறகு நான் உன்னைக் கூப்பிட்டு, என்னட்டி இப்படிச் சொல்லிட்ட என்று கேட்டேன். நீ சிரித்தாய். "விடும்மா. ஊதாம இருந்தப்பத்தான எனக்குப் பாட்டே வந்துச்சு. இப்பவும் என்னமாவது ஒண்ணு வரும்" என்றாய். கல்யாணம் முடிந்து ஐப்பசியில் போக வேண்டிய நாற்பது நாள் வெளிநாட்டுக் கச்சேரிக்கு, ஊத வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னாய். ஐந்து பேர் சேர்ந்து ஆறு வருஷம் வளர்த்த குழு. அதில் பாடுகிறவளும் நீ, ஊதுகிறவளும் நீ. பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டு இப்படிச் சிரிக்கிறாய்.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போன மாதம் டிவி பேட்டியிலும் இதே சிரிப்புதான். அந்தப் பெண் உன்னிடம், சாக்ஸபோன் வாசிக்கிறவர் எப்படிப் பாடகி ஆனீர்கள் என்று கேட்டாள். நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாய்: எங்கள் வீட்டில் சாக்ஸபோன் பூஜை அலமாரியில் இருக்கும், மாதத்தில் மூன்று நாள் தொட முடியாது, அந்த நாட்களில் ஊத வேண்டியதை வாயாலேயே பாடிப் பார்ப்பேன், அப்படித்தான் என் பாட்டு பிறந்தது, அது என் அம்மா எனக்குக் கொடுத்த வரம். அந்தப் பெண் கண் கலங்கி, "வாவ்" என்றாள். மறுநாள் காலையில் எதிர்வீட்டு அமுதா கோலமாவுக் கையோடு ஓடி வந்து, "யக்கா, உங்களாலதான் அவ பாடகி ஆயிருக்கா, டிவியிலயே சொல்லுதா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காய் வாங்கப் போன இடத்தில், பஸ் ஸ்டாண்டில், கோயிலில், எல்லாரும் பாராட்டினார்கள். நான் செய்த ஒரு கெட்ட காரியத்துக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, நீ ஊர் முழுக்க ஊர்வலம் விட்டுவிட்டாய்.

உள்ளதை உள்ளபடி நான் சொல்கிறேன், கேள். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் சாக்ஸபோன் கச்சேரி கேட்டாய். சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் மேடைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாய். அப்பா கோவில்பட்டியில் பேண்டு செட் வைத்திருந்த ஒருவரிடம் பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு நான்தான் அதைப் புத்தகங்களோடு வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து அதன் வாயிலும் விரல் அழுத்துகிற கட்டைகளிலும் தாராளமாகப் பூசினேன். மறுநாள் நீ எடுத்து ஊதினால் பாதிக் கட்டை எழும்பவில்லை. துளையை மூடுகிற மெத்தையெல்லாம் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டது. ஊசியை வைத்து நீ சுரண்டிக்கொண்டே என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? சாமிக்கு வைத்த பொருள், இனி இதன் இடம் பூஜை அலமாரிதான் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அலமாரிக்குள் இருப்பதை அந்த மூன்று நாளும் நீ தொடக் கூடாது என்பது தானாகவே வந்துவிட்டது. பழியைப் போட எனக்கு ஆள் கிடையாது. என் மாமியார் அப்போது உயிரோடு இல்லை. அப்பா இதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான், காவலுக்கு நின்றவளும் நான்.

மாதம் மூன்று நாள். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஐந்து வருஷம். உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், நூற்றி எண்பது நாள். ஆறு மாதம் உன் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்திருந்திருக்கிறேன். நீ புறவாசலில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தட்டும் டம்ளரும் தனியாக வைத்துக்கொண்டு, தூபா தூபா தாரா என்று என்னென்னவோ சத்தம் போடுவாய். விரல்கள் காற்றில் கட்டைகளை அழுத்திக்கொண்டே இருக்கும். அமுதா ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யக்கா, பிள்ளைக்கு என்னமும் கோளாறா? எந்தப் பாசையிலயோ பாடுதா" என்று கேட்டாள். அதே அமுதாதான் இப்போது வரம் என்கிறாள். நான் உன்னைப் பாட வைத்தேன் என்று பேட்டியில் சொன்னாயே, நான் எப்போதட்டி உன்னைப் பாட வைத்தேன்? "வாயை மூடிக்கிட்டு படி, தெருவே பாக்குது" என்றுதான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கும்.

மதுரைத் தேர்வை நீ பேட்டியில் எப்படிச் சொன்னாய்? ஒரு முறை வாத்தியம் இல்லாமல் போய் மேடையில் பாடினேன், அன்றுதான் என் குரல் எனக்குக் கிடைத்தது என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்ன? பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்தது. சென்னையிலிருந்து ஆட்கள் வந்து மதுரையில் பிள்ளைகளைத் தேர்வு செய்தார்கள். தேர்வானால் இரண்டு மாதம் பயிற்சி, ஜாஸ் தெரிந்த வெளிநாட்டு வாத்தியார்கள். நீ அதற்காக எவ்வளவு நாள் தயார் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அன்று உனக்கு இரண்டாம் நாள். விடிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பி நின்று கெஞ்சினாய். "அம்மா, நீயே எடுத்து அப்பா கையில குடு. பெட்டியைக்கூடத் தொட மாட்டேன். அங்கன போயித்தான் தொடுவேன்." நான் என்ன சொன்னேன்? "அங்கன போயி தொட்டாலும் தொட்டதுதான்." பூஜை அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பா வாசலில் நின்று, "ஒரு நாள்தானட்டி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் முறைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். நீங்கள் இரண்டு பேரும் வெறுங்கையோடு பஸ் ஏறினீர்கள்.

அங்கே நீ பாடினாய். உண்மைதான். ஆனால் அவர்கள் உன்னை எடுக்கவில்லை. சாக்ஸபோன் என்றுதானே எழுதியிருந்தாய், வாத்தியம் எங்கே என்று கேட்டார்களாம். நீ உடம்பு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஏதோ சொல்லி மழுப்பினாயாம். அப்பாதான் எனக்குச் சொன்னார், அதுவும் நீ சென்னைக்குப் படிக்கப் போன பிறகு. அன்று சாயங்காலம் நீ வந்து நேராகப் புறவாசல் கல்லில் போய் உட்கார்ந்தாய். நாலாம் நாள் தலைக்குக் குளித்தாய். நான் அலமாரியைத் திறந்து வைத்தேன். நீ அந்தப் பக்கமே திரும்பவில்லை. அப்படியே நாலு மாதம், நீ சென்னைக்குக் கிளம்புகிற வரை. அதில் தூசி படிந்தது, நான் துடைத்து வைத்தேன். ஒரு நாள் நானே, "ஏட்டி, எடுத்து ஊதேன், வீடு சத்தமே இல்லாம கெடக்கு" என்று சொன்னேன். "வேண்டாம்மா, அது உன் சாமி" என்று சொன்னாய். இதையெல்லாம் ஏன் பேட்டியில் சொல்லவில்லை? என் மானத்தைக் காப்பாற்றவா? அந்த மானம் எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அந்த மதுரைத் தேர்வுக்கு முந்தின வருஷம், எங்கள் ஆபீசில் ஆயுத பூஜை. எல்லா மேஜையையும் துடைத்து, பொரி, சுண்டல் எல்லாம் வைத்து, ஆபீசர், கிளார்க்குகள், டிரைவர் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சுற்றி நிற்கிறார்கள். பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான். "நீங்களே பொட்டு வையுங்கம்மா, மங்கலமா இருக்கும்" என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்று எனக்கு அந்த மூன்று நாளில் முதல் நாள். அத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படிச் சொல்வேன்? வாயைத் திறக்க வெட்கப்பட்டு, சாமி படத்துக்கு, பீரோவுக்கு, முத்திரைக்கு, என் கம்ப்யூட்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் என் கையாலேயே பொட்டு வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம்தான் எனக்குச் சம்பளம்கூட ஏறியது. அதற்கு முன்னாலும் மாதாமாதம் அந்த நாட்களில் நான் தொடாத பைல் உண்டா, தள்ளாத கதவு உண்டா? அதெல்லாம் தெரிந்தவள்தான் மறு வருஷம் உன் முன்னால் சாவியை இடுப்பில் செருகினேன். தெரியாமல் செய்தேன் என்றால் ஒரு சமாதானமாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. வெளியே ஆம்பளைகளிடம் சொல்ல முடியாத "முடியாது" எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். உன் மேல் இருப்பது இதற்கு அடுத்தபடிதான்.

மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூரில் உன் கச்சேரிக்கு நானும் அப்பாவும் வந்தோமே, நினைவிருக்கிறதா? எனக்கு ஜாஸ் என்றால் இன்றைக்கும் முழுசாகப் புரியாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவர் கை தட்டும்போது நானும் தட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் நீ ஊதிக்கொண்டே இருந்து, சட்டென்று வாயிலிருந்து எடுத்து, ஊதிய அதே வரியை வாயால் பாடினாய். தூபா தூபா தாரா. கூட்டம் எழுந்து நின்றது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அது நம் வீட்டுப் புறவாசல் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நீ பாடி முடித்ததும் மறுபடி அதை எடுத்து வாயில் வைத்தாய் பார், அப்போது உன் முகம் இருந்த மாதிரி நான் எப்போதும் பார்த்ததில்லை. பாடும்போதுகூட அப்படி இல்லை. தாகத்தோடு வந்த பிள்ளை செம்பைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அப்பாவும் பார்த்தார். "பாத்தியாட்டி" என்று மட்டும் சொன்னார்.

அதனால் என்னிடம் கதை விடாதே. ஊதாமல் இருந்ததால் பாட்டு வந்தது என்று நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ கெட்டிக்காரி, அதனால் பாட்டு வந்தது. சோறு போடாமல் வைத்த பிள்ளை பக்கத்துத் தோட்டத்துக் கொய்யாவைப் பறித்துத் தின்று பிழைத்தால், பட்டினி போட்டவளுக்கா நன்றி சொல்வது? அந்த ஆறு மாதமும் நீ ஊதியிருந்தால் என்னவாகியிருப்பாய் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவேளை பாடியும் இருப்பாய். நீ எனக்கு வலிக்கக் கூடாது என்று ஒரு அழகான கதையைச் செய்தாய். அதைச் சொல்லிச் சொல்லி இப்போது நீயே நம்பிவிட்டாய். நம்பியதால்தான் யாராவது வந்து இதைத் தொடாதே என்றால், சரி, வேறு என்னமாவது வரும் என்று சிரிக்கிறாய். இன்றைக்கு ரெண்டு வருஷம் ஊதாதே என்பார்கள். நாளைக்குப் பிள்ளை தூங்குகிறது, பாடாதே என்பார்கள். அப்போது என்ன வரும் உனக்கு?

அந்த அம்மா சொன்ன வயிற்றுக் கதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீ டாக்டரைக் கேட்டுக்கொள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் கெட்ட எண்ணத்தில் சாவியைச் செருகவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் கேள். நேராக, கண்ணைப் பார்த்துக் கேள். உன் அப்பா மாதிரி ஒரு தடவை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுகிற ஆளா, இல்லை கூட நிற்கிற ஆளா என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள். அப்பாவை நான் திட்டுகிறேன் என்று நினைக்காதே, இந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். "எழுது, சரியாத்தான் எழுதிருக்க" என்று சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

நேற்று ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு நானே போன் போட்டு, என் மகள் ஊதத்தான் செய்வாள், இஷ்டம் இருந்தால் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். அப்பா தடுக்கவில்லை. நானேதான் வைத்துவிட்டேன். உனக்காக நான் பூட்டியது போதும். உனக்காக நானே திறந்துவிட்டாலும் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அதுவுமில்லாமல், நீ "அம்மாதான் வேண்டாம்னு சொல்லுதா அத்தை" என்று அதற்கும் சிரித்துக்கொண்டே ஒரு கதை செய்துவிடுவாய். முடியாது என்பதை நீதான் சொல்ல வேண்டும், உன் வாயால், அவர்களுக்கு. உன் குழுவுக்கும் நீயே போன் செய்து, வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நம் ஊர் அம்மன் பேரைத்தானே உனக்கு வைத்தோம். அவள் தனக்கு வேண்டியதை ஒற்றைக் காலில் தவம் நின்று கேட்டு வாங்கினவள். நீ இரண்டு காலில் நின்று கேட்டால் போதும்.

உனக்கு அந்த வார்த்தை வாயில் வராது என்று எனக்குத் தெரியும், வரவிடாமல் செய்தவள் நான்தானே. அதனால் என்னிடமே பழகு. அந்த அம்மனுடைய ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நீ எந்த வருஷமும் வராமல் இருந்ததில்லை. இந்த வருஷம் அதே நாட்களில்தான் உன் ரெக்கார்டிங் என்று போன மாதம் சொன்னாய். நான் அதெல்லாம் தெரியாது, தபசுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். நீ, "சரிம்மா, தள்ளி வைக்கச் சொல்லுதேன்" என்றாய். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போன் செய்து, தபசுக்கு வாட்டி என்று கூப்பிடுவேன். நீ முடியாது என்று சொல். நான் சும்மா விட மாட்டேன், நடிக்கவும் மாட்டேன், எனக்கு உன்னைப் பார்க்க நிஜமாகவே ஆசையாக இருக்கிறது. அழுவேன், ஊர் என்ன சொல்லும் என்பேன், பெற்ற வயிறு என்பேன். நீ மறுபடியும் முடியாது என்று சொல். சிரிக்காமல் சொல். சொல்லிவிட்டு, நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தாலும், போனை வைத்துவிட்டு ஊதப் போ.

இப்படிக்கு,
அம்மா